கால் நோகிறது என்று சொல்லுங்கள்

(இந்தியத் திருத்தல யாத்திரைக்குப் பெயர் கொடுத்திருந்த அடியார்கள் மத்தியில், ஓய்வுபெற்ற தாதி ஒருவர் வற்றாப்பளையில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



பெரும்போக அறுவடை முடிந்து கையில் நாலு காசு புழங்குகிற காலம் இது. சிவராத்திரி நெரிசல் கழிந்த பிறகு பலாலியால் சென்னை, அங்கிருந்து பஸ்ஸில் சிதம்பரம், மதுரை, இராமேஸ்வரம், பிறகு ரயிலில் காசி, கயா என்று பன்னிரண்டு நாள் யாத்திரைக்கு நீங்கள் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். அந்தத் தலங்களின் மகிமையைச் சொல்ல என்னிலும் தகுதியானவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். நான் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். இப்படியான குழுக்களோடு துணைக்குப் போய் வந்தவள். அதனால் நான் உங்கள் உடம்பைப் பற்றித்தான் பேசப் போகிறேன். முழங்கால், பாதம், சிறுநீர், நித்திரை, குளிசை. கோயில் முன்றலில் பேசுகிற கதையா என்று யாரும் கூச வேண்டாம். உடம்பு ஒத்துழைக்காவிட்டால் காசிக்குப் போயும் விஸ்வநாதரைக் காணாமல் அறையில் படுத்துக் கிடக்க வேண்டியதுதான். அப்படிப் படுத்துக் கிடந்தவர்களுக்குப் பக்கத்தில் நான் இருந்திருக்கிறேன்.

எங்கள் சனத்துக்கு இருக்கிற ஒரு பழக்கத்தை முதலில் சொல்ல வேண்டும். நாங்கள் ஊர்விட்டு ஊர் போனதெல்லாம் பெரும்பாலும் இடப்பெயர்வாகவே இருந்தது. 2009 இல் இந்த நந்திக்கடலைக் கடந்து போனவர்கள் இங்கே இருக்கிறீர்கள். மெனிக்பாம் முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்கள் இருக்கிறீர்கள். அந்த நாட்களில் பசிக்கிறது, கால் நோகிறது என்று சொல்லிப் பயனில்லை. சொல்லாமல் பொறுத்தவர்கள்தான் பிள்ளைகளைக் கரை சேர்த்தீர்கள். அந்தப் பொறுமையை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் காசு கட்டி, விசா எடுத்து, விரும்பிப் போகிற பயணத்திலும் அதே பொறுமையைக் கொண்டு போகிறீர்கள். பஸ்ஸில் முழங்கால் மடங்க இடமில்லாமல் ஆறு மணித்தியாலம் இருந்துவிட்டு, வழிகாட்டி வந்து "எல்லாம் வசதியா அம்மா?" என்று கேட்டால், "ஓம் தம்பி, ஒரு குறையும் இல்லை" என்கிறீர்கள். பிறகு இரவில் என்னைக் கூப்பிட்டுக் காலைக் காட்டுகிறீர்கள். காட்டும்போது வீக்கம் கணுக்காலைத் தாண்டி ஏறியிருக்கும்.

கஷ்டப்பட்டால்தான் யாத்திரை, சுகம் தேடுவது பக்திக்குக் குறைவு என்று நினைக்கிறவர்களும் உண்டு. அவர்களுக்குச் சொல்வதற்கு நான் வேறெங்கும் போகத் தேவையில்லை. நாங்கள் கும்பிடுகிற அம்மனின் கதையே போதும்.

கோவலன் கூத்தை விடிய விடிய இருந்து பார்த்த ஊர் இது. கண்ணகை அம்மன் புகாரிலிருந்து மதுரைக்கு நடந்த வழியைச் சிலப்பதிகாரம் எவ்வளவு அக்கறையோடு சொல்கிறது என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். விடியுமுன் புறப்பட்டு ஒரு காதம் நடந்ததுமே கண்ணகி களைத்துப் போகிறாள். மதுரை எங்கே என்று கேட்கிறாள். கற்பின் தெய்வம் என்று நாங்கள் கொண்டாடுகிறவள் தன் களைப்பை மறைக்கவில்லை. பிறகு கவுந்தியடிகள் என்ற சமணத் துறவி அவர்களோடு சேர்ந்து வழித்துணையாகிறார். அவர் செய்கிற முதல் வேலை என்ன? சோலை வழியாகப் போனால் கிழங்கு அகழ்ந்த குழிகளைப் பூ உதிர்ந்து மூடியிருக்கும், கால் தவறும். வயல் வழியாகப் போனால் இந்த இந்தத் தொல்லை வரும் என்று வழியில் காத்திருக்கிற இடர்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறார். அதன் பிறகு அவர்கள் ஒரு நாளைக்கு ஒரு காதத்துக்கு மேல் நடக்கவில்லை, பல இடங்களில் தங்கித் தங்கித்தான் போனார்கள் என்கிறார் இளங்கோவடிகள்.

அதற்கும் மேலே ஒரு செய்தி உண்டு. பாண்டிய நாட்டு வெயிலைக் கண்ணகியின் உடம்பு தாங்காது என்று கண்டபோது, பகலில் தங்கி இரவில் நிலவொளியில் நடக்கலாம் என்று கோவலன் கவுந்தியடிகளிடம் சொல்கிறான். அடிகள் அதற்கு இணங்குகிறார். களைத்த ஒருத்திக்காகப் பயணத்தின் நேரமே மாறுகிறது. வழிகாட்டி என்றால் அப்படி இருக்க வேண்டும். வழிகாட்டியிடம் வாய் திறந்து சொல்கிற ஒருவரும் குழுவில் இருக்க வேண்டும். கோவலன் கண்ணகிக்காகப் பேசினான். உங்கள் குழுவில் பேச முடியாத ஒரு ஆச்சிக்காக நீங்கள் பேச வேண்டும்.

இப்போது யாத்திரைகளின் வேகம் மனித உடம்புக்குப் பொருந்தாததாகிவிட்டது. சென்னையில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி என்பவர் 1830 மே மாதம் புறப்பட்டுக் காசி போய் 1831 செப்டெம்பரில் திரும்பினார். பல்லக்கும் பரிவாரமும் கூடாரமும் கூடப் போயின. வழிநெடுகத் தங்கித்தான் போனார். அவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்ததை நாங்கள் பன்னிரண்டு நாளில் முடிக்கிறோம். அட்டவணையில் ஒரு நாளைக்கு ஆறு கோயில் என்று போட்டிருந்தால் அதைப் பெருமையாக நினைக்காதீர்கள். தமிழ்நாட்டுக் கோயில்களில் பெரும்பாலானவை மதியத்தோடு நடை சாத்திப் பின்னேரம் நாலு மணியளவில்தான் திறக்கும். இடைப்பட்ட நாலு மணித்தியாலமும் எங்கே இருக்கப் போகிறீர்கள்? பல குழுக்கள் வெயிலில் நிறுத்திய பஸ்ஸுக்குள்தான் இருக்கின்றன. காசு கட்டுவதற்கு முன் ஒழுங்குசெய்கிறவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "மத்தியானத்தில் நாங்கள் எங்கே காலை நீட்டுவது?" நல்ல குழுவென்றால் நடை சாத்துகிற நேரத்தில் ஒரு மண்டபமோ இரண்டு அறையோ எடுத்துத் தருவார்கள். அதற்காக ஆளுக்குச் சிறுதொகை கூடினாலும் கொடுங்கள். இரண்டு கோயில் குறைந்தாலும் பரவாயில்லை.

அடுத்தது, பெண்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. தண்ணீர் குடியுங்கள்.

இது சின்ன விஷயமல்ல. பஸ் இடையில் நிற்காது, நின்றாலும் மலசலகூடம் சுத்தமாக இராது, ஆண்களுக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சம். இந்தக் காரணங்களால் காலையில் ஒரு வாய்த் தேத்தண்ணியோடு இரவு வரை இருக்கிற பெண்களை ஒவ்வொரு குழுவிலும் பார்த்திருக்கிறேன். மூன்றாம் நாள் தலைச்சுற்று, நாலாம் நாள் சிறுநீர் எரிவு, ஐந்தாம் நாள் குளிர் காய்ச்சல். புண்ணியத் தலத்தில் ஊசி போட ஆள் தேடுவோம். எங்கள் வன்னியில் முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் எத்தனை வீட்டில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஏற்கெனவே பழுதுபட்ட சிறுநீரகத்துக்குத் தண்ணீரை மறிப்பது மிகக் கெடுதி. சிறுநீரக நோய்க்கோ இருதயத்துக்கோ மருந்து எடுக்கிறவர்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கலாம் என்று கிளினிக்கில் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். மற்றவர்கள் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

குடித்தால் போக வேண்டும்தான். அதற்கு வழி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பஸ் நிற்கும் என்று பயணம் தொடங்குமுன்பே பேசி வைப்பது. யாரும் கேட்கத் தேவையில்லாமல், நேரம் வந்தால் வண்டி நிற்க வேண்டும். பெரிய பெற்றோல் நிலையங்களில் மலசலகூடம் இருக்கும். கட்டணக் கழிப்பறைகளில் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் கேட்பார்கள். அங்கே பெட்டிக்கடையிலும் கைத்தொலைபேசியால் காசு கட்டுகிறார்கள். எங்களிடம் அது இராது. ஆகவே பத்து, இருபது ரூபாய் நோட்டுகளைத் தனியாகச் சுருக்குப் பையில் வையுங்கள். ஒரு சின்னச் சவர்க்காரத் துண்டும் பழைய துணியும் கூட இருக்கட்டும். சலம் போக்குகிற குளிசை எடுக்கிறவர்கள், பஸ்ஸில் போகிற நாளில் அதை எத்தனை மணிக்கு எடுக்கலாம் என்று உங்கள் டொக்டரைக் கேளுங்கள். தாங்களாக நிறுத்த வேண்டாம். புரஸ்தகோள வீக்கம் உள்ள ஐயாமாரும் இதே கூச்சத்தில் வருந்துகிறீர்கள். நான் பெண்களுக்குச் சொன்னது உங்களுக்கும்தான்.

மூடி உடைக்காத போத்தல் தண்ணீரையே குடியுங்கள். வயிற்றோட்டம் வந்தால் ஜீவனிக் கரைசல் குடியுங்கள். அது கையில் இல்லாவிட்டால் ஒரு லீற்றர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலை தட்டி அளந்து கரையுங்கள். உப்புக் கூடினால் ஆபத்து என்பதால் அளவை மறக்க வேண்டாம்.

இனிப் பாதம். மதுரையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். குழுவில் ஒரு ஐயா, சீனி வருத்தக்காரர், நல்ல உற்சாகமான மனிதர். மதியம் நடை சாத்துகிற நேரத்துக்கு முன் எல்லோரும் அவசரமாக வெளிவீதியைச் சுற்றி வந்தோம். கருங்கல் கொதித்தது. நாங்கள் நிழல் தேடி ஓடி ஓடி நடந்தோம். அவர் மட்டும் சாவகாசமாக, கும்பிட்டபடி நடந்து வந்தார். பார்த்தவர்கள் "என்ன பக்தி!" என்றார்கள். அன்றிரவு அவர் கட்டிலில் காலை நீட்டியபோது ஒரு மணம் வந்தது. சப்பாத்தைக் கழற்றச் சொல்லிப் பார்த்தால் இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். பெருவிரலின் அடியில் ஒரு கொப்புளம் உடைந்து, காலுறையோடு தோல் ஒட்டிக் கிடந்தது. அவருக்கு நோவே தெரியவில்லை. சீனி வருத்தம் பல வருடம் இருந்தால் பாதத்தின் உணர்ச்சி நரம்புகள் செத்துவிடலாம். சுடுகிறதென்று கால் சொல்லாது. உப்புநீர்ப் போத்தலால் கழுவி, மருந்து கட்டி, மிச்ச நாட்களை அவர் சக்கர நாற்காலியில்தான் கழித்தார். ஊருக்கு வந்தும் அந்தப் புண் ஆற மாதக்கணக்கானது.

ஆகவே சீனி வருத்தம் உள்ளவர்கள் பருத்திக் காலுறை இரண்டு மூன்று சோடி கொண்டு போங்கள். காலுறை போடக் கூடாது என்று சொல்கிற இடத்தில் விடியற்காலையோ பொழுதுபட்ட பிறகோ போங்கள். கல் குளிர்ந்திருக்கும். இரவு படுக்குமுன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள், அல்லது பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவரைப் பார்க்கச் சொல்லுங்கள். புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு புறப்படாதீர்கள். ஒரு மாதம் போட்டுப் பழகிய செருப்பே நல்லது.

இனி விமானப் பயணம். இங்கிருந்து பலாலிக்குப் பரந்தன் வழியாகப் போய்விடலாம். கட்டுநாயக்காவுக்கு இரவிரவாகப் பஸ்ஸில் போய் விடியச் சென்று நின்ற காலத்தோடு பார்த்தால் பெரிய ஆறுதல். 2019 இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, இடையில் கொரோனாவோடு நின்றுபோய், 2022 டிசெம்பரில் சென்னை விமானம் திரும்பவும் வந்தது. வருவது சிறிய விமானம். நிலத்தில் நடந்து போய்ப் படியேற வேண்டும். ஒரு கையில் பை, மறு கையில் பேரப்பிள்ளைக்கு வாங்கப்போகிற சாமானுக்கென்று வெறும் பை என்று ஏறாதீர்கள். ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்கட்டும். சுமை எத்தனை கிலோ என்று சீட்டில் போட்டிருப்பதைப் பார்த்துக் கட்டுங்கள். முழங்கால் ஏலாதவர்களுக்குச் சக்கர நாற்காலி கேட்கலாம். அதற்குக் காசு இல்லை. 48 மணித்தியாலத்துக்கு முன்பே விமானக் கம்பனிக்கு அறிவிக்க வேண்டும். ஆகவே சீட்டு எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

யுத்தத்தில் பட்ட செல் துண்டு உடம்புக்குள் இருக்கிறவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். பாதுகாப்புச் சோதனையில் கருவி சத்தம் போடும். அப்போது பதறுகிறீர்கள். சீருடைக்காரர் முன்னால் கை நடுங்குகிறது. அந்த நடுக்கத்தின் காரணம் எனக்குத் தெரியும். ஆனால் அங்கே நிற்கிற பெடியனுக்கோ பிள்ளைக்கோ அது தெரியாது. ஆகவே கிளினிக்கில் சொல்லி, இன்ன இடத்தில் உலோகத் துண்டு இருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். எக்ஸ்ரே படத்தின் பிரதி இருந்தால் இன்னும் நல்லது. கருவிக்குள் போகுமுன்பே கடிதத்தை நீட்டுங்கள். பெண்களைப் பெண் அலுவலர்தான் சோதிக்க வேண்டும். மறைவான அறையில் சோதிக்கும்படி கேட்கிற உரிமையும் உங்களுக்கு உண்டு. செயற்கைக் கால் போட்டவர்களுக்கும் இதே வழி. ஜெய்ப்பூர்க் கால் போட்டிருப்பவர்கள் கோயிலுக்குள் விடுவார்களோ என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்தக் காலை 1968 இல் ஜெய்ப்பூரில் செய்தபோதே, சப்பாத்து இல்லாமல் வெறுங்காலாக நடக்கிற எங்களைப் போன்ற சனத்துக்கென்றுதான் செய்தார்கள். அது உங்கள் கால். அதோடுதான் கோயிலுக்குள் போக வேண்டும். படியிலும் ஈரத்திலும் மட்டும் ஒருவர் தோள் கொடுக்கட்டும்.

குளிசைகள் எல்லாம் கைப்பையில். இன்சுலினைப் பெரிய பெட்டிக்குள் போட்டால் விமானத்தின் அடியில் குளிரில் உறைந்து கெட்டுவிடலாம். நாள் கணக்குக்கு மேலாக ஒரு கிழமைக்கு மருந்து கூடக் கொண்டு போங்கள். கிளினிக் கொப்பியின் பிரதியும் வேண்டும். அங்கே அதே மருந்துக்குக் கம்பனிப் பெயர் வேறு. மருந்தின் உண்மைப் பெயரைக் காட்டினால்தான் மருந்துக்கடையில் தருவார்கள். கைத்தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்றுகிற பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். கற்பூரமும் தீப்பெட்டியும் எந்தப் பையிலும் கூடாது. இரண்டும் தீப்பற்றுகிற பொருட்கள். திரும்பி வரும்போது கோயிலில் தந்த காய்ந்த கொப்பரைத் தேங்காயைப் பெரிய பெட்டிக்குள் வைத்தால் இந்திய விமான நிலையங்களில் எடுத்துவிடுவார்கள். எண்ணெய் நிறைந்தபடியால் அதுவும் தீப்பற்றும். பிரசாதத்தைப் பறித்துவிட்டார்கள் என்று அழுவதைவிட அங்கேயே பகிர்ந்து சாப்பிட்டுவிடலாம். எங்கள் புதுச் சார்ஜர்களின் மூன்று சதுரக் கால் அங்கத்தைய வட்டத் துளைக்குள் போகாது. ஒரு மாற்றுப் பிளக் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆவணங்களைப் பற்றி உங்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. எல்லாவற்றையும் விட்டு ஓடியபோதும் பிறப்புப் பத்திரத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்த சனம் நாங்கள். அந்தப் பழக்கம் இப்போது நல்லதுக்கு உதவும். கடவுச்சீட்டில் ஆறு மாதத்துக்கு மேல் காலம் இருக்க வேண்டும். கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு பையில் வையுங்கள். இந்தியாவில் வெளிநாட்டார் தங்கினால் 24 மணித்தியாலத்துக்குள் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்பது அங்கத்தைய சட்டம். அதனால்தான் ஒவ்வொரு விடுதியிலும் கடவுச்சீட்டை வாங்கிப் பார்க்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. அறைக்குப் போகுமுன் திருப்பி வாங்கினோமா என்று மட்டும் பாருங்கள். தொலைந்தால் முதலில் பொலிஸ் முறைப்பாடு, பிறகு சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயம். இங்கே அம்புலன்ஸுக்கு 1990 அடிக்கிற மாதிரித் தமிழ்நாட்டில் 108. இந்தியா முழுவதும் எந்த அவசரத்துக்கும் 112. விடுதியின் பெயரும் வழிகாட்டியின் இலக்கமும் எழுதிய அட்டையை ஒவ்வொருவரும் கழுத்தில் போடுங்கள். காசியில் இந்தி தெரியாமல் வழி தவறினால் அந்த அட்டைதான் பேசும்.

பஸ்ஸுக்கு வருகிறேன். அங்கத்தைய சுற்றுலாப் பஸ்ஸின் முதல் படி எங்கள் பெண்களுக்கு உயரம். சீலையோடு ஏறும்போது முழங்காலில்தான் முழுப் பாரமும் விழும். ஒரு சின்ன ஸ்ரூலைக் குழுவே வாங்கி வாசலில் வைக்கலாம். இதைவிட மலிவான உதவி எனக்குத் தெரியாது. முன் ஆசனங்களைச் சுழற்சி முறையில் கொடுப்பது நியாயம்தான், ஆனால் முழங்கால் ஏலாதவர்களையும் சத்தி எடுக்கிறவர்களையும் அந்தச் சுழற்சியில் சேர்க்காமல் எப்போதும் முன்னால் இருத்துங்கள். நாலு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் இருந்தால் காலின் ஆழமான நாளங்களில் இரத்தம் கட்டுகிற அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007 இல் சொன்னது. அது விமானத்துக்கு மட்டுமல்ல, பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் பொருந்தும். நல்ல உடம்புக்காரரில் இது 6000 பேரில் ஒருவருக்கு வருகிற அளவு சின்ன அபாயம்தான். ஆனால் அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும், முன்பு இரத்தம் கட்டியவர்களுக்கும் அது கூடுதல். இருந்த இடத்தில் குதிக்காலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். பஸ் நிற்கிற ஒவ்வொரு முறையும் இறங்கி நடவுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும் வந்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று பார்க்காமல் துணைக்கு வந்தவரை உடனே எழுப்புங்கள்.

காசி ரயில் ஒன்றரை நாளுக்குக் குறையாத பயணம். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று படுக்கை. அறுபது வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கும் கீழ்ப் படுக்கையில் ஒதுக்கீடு இருக்கிறது. சீட்டு எடுக்கும்போது வயதைச் சரியாகக் கொடுத்துக் கேட்க வேண்டும், ரயில் ஏறிய பிறகு கேட்டால் பிந்திப் போய்விடும். வடக்கே சாப்பாடு பெரும்பாலும் கோதுமையும் கடுகெண்ணெயும்தான். அரிசியும் சமையற்காரரும் கொண்டு போகிற குழு உங்களுக்குத் தோது. அப்படி இல்லாவிட்டால் அவலும் மிளகாய்த்தூளும் கையில் இருக்கட்டும்.

இராமேஸ்வரத்துக்குத் தலைமன்னாரால் கப்பலில் போன கதையை எங்கள் தாய் தகப்பன் சொல்லக் கேட்டிருக்கிறோம். யுத்தத்தோடு அது நின்றது. எதிர்க்கரையில் இருக்கிற ஊருக்கு இப்போது சென்னையைச் சுற்றிப் போகிறோம். இராமேஸ்வரக் கோயிலில் 22 தீர்த்தம். ஒவ்வொரு கிணற்றடியிலும் வாளியால் தலையில் ஊற்றுவார்கள். தளம் முழுவதும் ஈரம், கல் வழுக்கும். எங்கள் வயதில் இடுப்பெலும்பு உடைந்தால் திரும்ப நடப்பது கடினம். ஓடாதீர்கள். பிந்தினாலும் குழு காத்திருக்கும். நனைந்த உடுப்போடு மூலஸ்தானத்துக்கு விடமாட்டார்கள், மாற்றுடுப்பை ஒருவர் வெளியில் வைத்திருக்க வேண்டும். கங்கைக் கரையிலும் பாசி படிந்த படிகள்தான். இடுப்பளவு இறங்கி முழுகினால்தான் புண்ணியம் என்றில்லை. மேல்படியில் இருந்து செம்பால் அள்ளி ஊற்றிக்கொண்டவர்களும் கங்கையில் குளித்தவர்களே.

கயாவைப் பற்றி நான் மெதுவாகப் பேச வேண்டும். பல்குனி ஆற்றங்கரையில் பிண்டம் வைக்கத்தான் உங்களில் பலர் போகிறீர்கள். உடலும் கிடைக்காமல், எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள் கிரியைகள் செய்ய வழியில்லாமல் போன உறவுகளுக்கு அங்கே போய்க் கடன் கழிப்பதால் மனம் ஆறியவர்களை நான் கண்டிருக்கிறேன். ஆனால் எல்லோரும் அப்படி இல்லை. பிள்ளையைக் கையில் பிடித்து இராணுவத்திடம் ஒப்படைத்து, பிறகு காணாத தாய்மார் இருக்கிறார்கள். 2017 முதல் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் வீதியோரக் கொட்டகையில் படத்தோடு இருந்தவர்கள் அவர்கள். பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று நம்புகிற தாயிடம், "வந்த இடத்தில் ஒரு பிண்டம் வைத்துவிடு அம்மா" என்று சொல்லாதீர்கள். நல்லெண்ணத்தோடுகூடச் சொல்லாதீர்கள். ஒரு முறை அப்படி ஒரு அம்மாவைச் சூழ்ந்து நின்று வற்புறுத்தினார்கள். அவர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை, ஊர் வரும் வரை யாரோடும் பேசவுமில்லை. குழுப் பயணம் என்பதால் எல்லாரும் எல்லாச் சடங்கும் செய்ய வேண்டும் என்றில்லை. அவருக்குப் பக்கத்தில் ஒருவர் ஆற்றங்கரையில் சும்மா இருந்தால் போதும். சடங்கு செய்கிறவர்களையும் அவசரப்படுத்த வேண்டாம். கயாவுக்கு அட்டவணையில் அரை நாள் போதாது. முழு நாள் கொடுங்கள் என்று ஒழுங்குசெய்பவர்களை எல்லோர் முன்னிலையிலும் கேட்டுக்கொள்கிறேன்.

அவர்களிடம் இன்னும் ஒன்று கேட்கிறேன். பெயர்ப்பட்டியல் எடுக்கும்போது கடவுச்சீட்டு இலக்கத்தோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொருவரையும் தனியாக இருத்தி, என்ன வருத்தம், என்ன குளிசை, படி ஏறுவாரா, இரவில் எத்தனை தரம் எழும்புவார், உடம்பில் உலோகம் இருக்கிறதா, வீட்டில் யாருக்கு அறிவிப்பது என்று கேட்டு எழுதுங்கள். பெண்களிடம் ஒரு பெண் கேட்கட்டும். எழுதியதைக் கூட்டத்தில் வாசிக்காமல் வழிகாட்டியிடமும் துணைக்குப் போகிறவரிடமும் மட்டும் கொடுங்கள்.

அம்மாமாரே, ஐயாமாரே, அந்தத் தாளோடு உங்களிடம் வருகிற பிள்ளைக்கு "ஒரு குறையும் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள். இன்று இங்கிருந்து போகுமுன்பே சொல்ல விரும்புகிறவர்களுக்காக நான் அந்த வேப்பமர நிழலில் கதிரை போட்டு இருப்பேன். பிரசரும் சீனியும் பார்க்கிற கருவிகள் கொண்டு வந்திருக்கிறேன். கிளினிக் கொப்பி கையில் இருக்கிறவர்கள் முதலில் வாருங்கள்.